பேண்டில் வாசித்த வருடங்களைத் தள்ளுபடி செய்யாதீர்கள்

அன்புள்ள முன்னாள் படைவீரர்களுக்கு,

பட்டாளத்திலிருந்து பென்ஷனில் ஊர் திரும்பி, இனி இசையை முறையாகப் படித்து ஒரு பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் பேண்டில் வாசித்தவர்கள். சிலர் பேண்டுப் பக்கமே போகாமல், யூனிட் கோயிலில் டோலக் அடித்தும் பராகானா விருந்து இரவுகளில் பாடியும் ஆசையைக் காப்பாற்றி வந்தவர்கள். நான்கு வருடம் முடித்து வெளியே வரும் அக்னிவீரர் தம்பிகளையும் சேர்த்துத்தான் பேசுகிறேன். அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியை அவர்களைச் சேர்த்த திட்டம் தரவில்லை. இந்த மடலில் தருவதற்கு எனக்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

நான் இசை சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். அட்மிஷன் காலத்தில் நீங்கள் வருவதைப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் புக், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசை மாறாமல் இருக்கும். வாத்தியம் மட்டும் வந்திருக்காது. "முன்னாடி ஏதாவது இசை தெரியுமா?" என்று கேட்டால், சர்வீஸ் முழுக்க கிளாரினெட் ஊதியவர், "பேண்டுல இருந்தேன் சார், அதெல்லாம் கணக்குல வராது" என்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் சரி என்று தலையாட்டி, முன்பயிற்சி இல்லை என்று எழுதிக்கொள்கிறார். ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறையில், "பேண்டு செட் ஆளுங்க வந்தா சுருதி என்ன ஆகும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்ததையும் நான் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு அவர்களுடைய அறியாமை. ஆனால் அதற்கு வழிவிட்டவர்கள் நீங்கள். கல்லூரி உங்களைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துவதற்கு முன்னால் நீங்களே போய் அங்கே நின்றுகொள்கிறீர்கள். என் முதல் மனத்தாங்கல் இதுதான்.

உங்களுக்கு என்ன தெரியும் என்று நானே சொல்கிறேன், கேளுங்கள். பச்மரியில் ராணுவக் கல்விப் படையின் மையத்தில் இயங்கும் இசைப் பிரிவு 1950இல் அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி கரியப்பாவின் ஆதரவில் உருவானது. அங்கே படித்து வந்தவர் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிப்பார். தன் பி பிளாட் கிளாரினெட்டில் எழுதப்பட்ட 'சி'யை ஊதினால் பியானோவின் பி பிளாட் ஒலிக்கும் என்பதும், பக்கத்து வரிசையில் இ பிளாட் ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் அதே ஒலிக்கு வேறொரு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதும் அவருக்கு அத்துப்படி. நிமிடத்துக்கு 120 அடி என்ற குவிக் மார்ச் கதியில், வெயிலில் உலோகம் சூடேறி சுருதி ஏறுவதைக் காதால் பிடித்து, உதட்டால் இறக்கி, நடந்துகொண்டே வாசித்தவர் அவர். மேற்கத்திய இசைக் கோட்பாட்டுக்குத் தனித்தாள் வைத்திருக்கும் பட்டப்படிப்புகளில், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வருடக்கணக்கில் திணறும் விஷயங்கள் இவை. மும்பையில் ஐ.என்.எஸ். குஞ்சாலியில் பயின்ற கடற்படைக்காரர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும்.

பேண்டு வேறு, சங்கீதம் வேறு என்று உங்களிடம் யாராவது சொன்னால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை நினைவுபடுத்துங்கள். கும்பினிப் பட்டாளத்து பேண்டு அங்கே வாசித்த மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வரங்களுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் கல்லூரியில் சேர்ந்தால் முதல் வருடத்திலேயே 'சக்தி ஸஹித கணபதிம்' சொல்லிக்கொடுப்பார்கள். அது பேண்டு மெட்டின் வழியில் வந்த உருப்படி என்பதை வகுப்பில் எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர்தான் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை, பேண்டு வாத்தியத்தை எடுத்து, பிறகு சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று, கச்சேரி மேடையில் ஏற்றினார். கிளாரினெட்டுக்குத் திருச்சி ஏ. கே. சி. நடராஜன் இருக்கிறார். 2022இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தாமதம்தான், ஆனாலும் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னதும் எல்லா பேண்டு வாத்தியமும் கர்நாடக இசைக்கு ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளாரினெட்டில் துளைகளை விரலால் பாதி மூடிப் பாதி திறந்து கமகம் பிடிக்கலாம். டிரம்போனின் இழுகுழாய் ஓரளவு வழிவிடும். டிரம்பெட்டும் யூஃபோனியமும் வால்வு வாத்தியங்கள். அவற்றில் தோடியின் காந்தாரத்தை அசைக்க உதட்டை மட்டும் நம்ப வேண்டும். அரசு இசைக்கல்லூரிகளின் பாடப்பட்டியலில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் என்று இருக்கும். டிரம்பெட்டைத் தேடாதீர்கள். அப்படியானால் யூஃபோனியம் வாசித்தவர் என்ன செய்வது? இங்கேதான் தேர்வு என்ற பேச்சே தொடங்குகிறது.

"எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" என்று கேட்கிறீர்கள். பட்டத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "பட்டம் இருந்தா நல்லதுதானே" என்ற பதில் வருகிறது. பட்டாளத்தில் ஒவ்வொரு கோர்ஸும் ஒரு பிரமோஷனுக்கு வழி. கேடர் முடித்தால் நாயக், அடுத்ததை முடித்தால் ஹவில்தார். வெளியே இசை உலகத்தில் அப்படி ஏணி எதுவும் கிடையாது. சில கதவுகள் பட்டத்துக்குத் திறக்கும். சில கதவுகளுக்குப் பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு கதவோ உங்களுக்கு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை.

திறந்து கிடக்கும் கதவை முதலில் சொல்கிறேன். சைனிக் பள்ளிகளில் பேண்ட் மாஸ்டர் என்று ஒரு பணியிடம் உண்டு. நம் ஊர்ப்பக்கம் உடுமலை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இருக்கும் பள்ளியும் அந்த வகைதான். இந்தப் பணிக்கு அவர்கள் கேட்டு வந்திருக்கும் தகுதி, பச்மரியில் பேண்ட் மாஸ்டர், பேண்ட் மேஜர் அல்லது டிரம் மேஜர் கோர்ஸ், இல்லையென்றால் கடற்படை, விமானப்படையில் அதற்கு இணையானது. அந்தக் கோர்ஸ் முடித்தவர் பிழைப்புக்காக மட்டும் மூன்று வருடம் பட்டம் படிக்கப் போவது வீண் அலைச்சல். சைனிக் பள்ளி தவிர, பேண்டு வைத்திருக்கும் உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் கேட்டு எழுத வேண்டும். விளம்பரம் வரட்டும் என்று காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருப்பீர்கள்.

கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியராக வேண்டும் என்றால் நிலைமை வேறு. அங்கே ஆரம்ப நிலை இசை ஆசிரியருக்கு பிளஸ் டூவில் 50 சதவீதமும், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் இளநிலை இசைப் பட்டமும் கேட்டு வந்திருக்கிறார்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ பாடம் நடத்தத் தெரிய வேண்டும். நம் ஊர் ஆசிரியர்கள் பலர் பின்வாங்கும் இந்த மொழி நிபந்தனை உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஜபல்பூரிலும் ஜோத்பூரிலும் பேசிப் பழகிய இந்தி சும்மா கிடக்கிறது. இந்த வேலைதான் குறி என்றால் கண்ணை மூடிக்கொண்டு முழுநேரப் பட்டப்படிப்பில் சேருங்கள். டிப்ளமா போதும் என்று யார் சொன்னாலும், கடைசியாக வந்த அறிவிக்கையை எடுத்து நீங்களே வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அகில இந்திய வானொலியில் கிரேடு வாங்க ஒலித்தேர்வு, சினிமா ரெக்கார்டிங்குக்கு சங்க அட்டையும் தாளைப் பார்த்து முதல் டேக்கிலேயே வாசிக்கும் கையும். இரண்டு இடத்திலும் உங்கள் பட்டத்தை யாரும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை. சொல்லப்போனால் இரண்டாவது இடத்துக்கு வேண்டிய முக்கியத் தகுதி உங்களிடம் இருக்கிறது.

மேற்கத்திய வாத்தியத்தையே தொடர விரும்புகிறவர்களுக்கு, யூஃபோனியக்காரருக்கும் சேர்த்துத்தான், நான் சொல்வது இது: பட்டத்துக்கு முன்னால் டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். கிரேடு தேர்வுகளைப் பாருங்கள். வயது வரம்பு இல்லை. ஒன்று, இரண்டு என்று எட்டு வரை படிப்படியாக ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் கிரேடு முதல் வாசிப்புத் தேர்வுக்குப் போக ஐந்தாம் கிரேடு கோட்பாடு தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பச்மரியில் படித்தவருக்கு அது சில மாத வேலை. எட்டாம் கிரேடு சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, மேற்கத்திய இசை நடத்தும் கல்லூரி எதற்கும் போய்ப் பேசலாம். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற தனியார் இடங்களில் கட்டணம் பெரிய விஷயம். சேரும் நாளில் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் எத்தனை வருடம் கட்டணம் கட்டுவீர்கள் என்பது அமையும். ஆகவே கையில் சான்றோடு போங்கள்.

கர்நாடக இசைதான் என்று முடிவெடுத்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் இடத்துக்குக் குறைவில்லை. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என நான்கு அரசு இசைக்கல்லூரிகள். 2013இல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய இசைக்கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடர்கிறது. இவற்றில் பட்டம் உண்டு, இசைக் கலைமணி போன்ற டிப்ளமா உண்டு, இசை ஆசிரியர் பயிற்சி தனியாக உண்டு. எதில் சேர்ந்தாலும், உங்கள் வாத்தியத்தை அங்கே இப்போது யார் சொல்லிக்கொடுக்கிறார் என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் நிரந்தர ஆசிரியரா, தொகுப்பூதியத்தில் இருப்பவரா, அடுத்த வருடமும் இருப்பாரா என்றும் கேளுங்கள். கல்லூரியின் புகழ் உங்கள் விரலைத் திருத்தாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அந்த ஒருவர் முன்னால் உட்காரப் போகிறீர்கள் என்பதில்தான் மூன்று வருடமும் அடங்கியிருக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கேட்க அனுமதி கேளுங்கள். அதற்கு மறுக்கிற இடத்தில் சேராதீர்கள்.

இனி, சறுக்க வாய்ப்புள்ள இடங்கள். பத்தாம் வகுப்போடு பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் கவனமாகக் கேளுங்கள். 15 வருடம் சேவை செய்த முன்னாள் படைவீரரை மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில் பட்டதாரிக்கு இணையாகக் கருதும் விதி ஒன்று இருக்கிறது. தொழில்நுட்ப அனுபவம் கேட்கும் பணிகளுக்கு அது செல்லாது. அந்த விதிப்படி நீங்கள் வாங்கி வந்த இணைச் சான்றிதழை இசைப் பட்டத்துக்கு இணை என்று எந்தப் பள்ளியும் ஏற்காது, அதைக் காட்டி முதுநிலைப் படிப்பில் சேரவும் முடியாது. இன்னொன்று. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிடலாம் என்று ஊரில் சிலர் ஆலோசனை சொல்வார்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை இல்லாத பட்டம் தமிழ்நாடு அரசுப் பணிக்கு எடுபடாது. இதில் ஏமாந்தவர்கள் நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள். முதலில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடியுங்கள். ஒரு வருடம் போகிறதே என்று வருந்த வேண்டாம், அந்த வருடத்தில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் கையில் உட்காரட்டும்.

அக்னிவீரர் தம்பிகளுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். கடற்படையும் விமானப்படையும் இசைக்கலைஞர் என்ற பிரிவிலேயே உங்களை எடுத்தன, அதனால் உங்களில் சிலர் நல்ல கையோடு வருகிறீர்கள். முதல் அணிக்கு 2026 கடைசியோடு நான்கு வருடம் முடிகிறது. நான்கில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது சேரும்போதே தெரிந்த கணக்கு. சேவா நிதியாகக் கைக்கு வரும் தொகை ஏறக்குறைய 11.71 லட்சம். பென்ஷன் இல்லை, கேன்டீன் இல்லை, இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி இல்லை. மாதம் 20,000 ரூபாய் எடுத்துச் செலவு செய்தால் ஐந்து வருடத்துக்குள் அந்தப் பணம் தீர்ந்துவிடும், அதுவும் கல்லூரிக் கட்டணத்தைச் சேர்க்காமல். ஆகவே மொத்தத்தையும் ஒரு தனியார் கல்லூரியின் கவுன்ட்டரில் கட்டிவிடாதீர்கள். நுழைவாயிலில் கண்ணாடி ஸ்டூடியோவைக் காட்டுவார்கள். அந்த ஸ்டூடியோவில் மாணவருக்கு வாரம் எத்தனை மணி நேரம் தருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு வயது இருக்கிறது. இருபத்திரண்டில் வெளியே வரும் பையனுக்கு அரசுக் கல்லூரியில் மூன்று வருடமும் இசை ஆசிரியர் பயிற்சியும் முடித்தாலும் இருபத்தாறுதான்.

மூத்தவர்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை யாரும் உங்களிடம் பேசுவதில்லை. பீரங்கிப் படையிலும் டாங்கிலும் இருந்தவர்களுக்குக் காது முதலில் போவது உச்ச ஒலிகளில்தான், 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். பேச்சு நன்றாகக் கேட்கும், அதனால் குறை தெரியாது. வயலினின் மேல் ஸ்தாயியில் வில் உரசும் நுணுக்கமும், தம்பூராவின் மேல் ஒலிகளும்தான் மங்கும். காதுக்குள் ஓயாத ரீங்காரம் இருந்தால் அது சுருதியோடு மோதும். சேர்வதற்கு முன் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் சொல்லி ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். குறை இருந்தால் இசையை விட வேண்டும் என்று அர்த்தமில்லை. வாத்தியத்தை அதற்குத் தக்கபடி தேர்ந்தெடுக்கலாம். முன்பல் ஆட்டம் கண்டவர் ஊதும் வாத்தியத்தை மேஜர் பாடமாக எடுக்காதீர்கள். முழங்கால் தேய்ந்தவர்கள், சம்மணமிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். முடியாது என்றால் நாற்காலியில் அமர்ந்து கற்க அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆசிரியர் முன்னால் நாற்காலியா என்று முகம் சுளிக்கும் இடங்கள் இருக்கின்றன. சியாச்சினில் போன முழங்கால் என்று சொல்லுங்கள். அதற்கும் மசியாத ஆளிடம் மூன்று வருடம் படிக்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கடம் மனோதர்மம். பேண்டில் எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்தீர்கள். கூட ஒரு ஸ்வரம் போட்டால் பேண்ட் மாஸ்டர் திரும்பிப் பார்ப்பார். கல்லூரியில் இரண்டாம் வருடம் வாக்கில், "இப்போ நீங்களா ரெண்டு ஆவர்த்தனம் கல்பனாஸ்வரம் பாடுங்க" என்பார்கள். மற்ற எதிலும் முதல் ஆளாக நிற்கிற பட்டாளத்து மாணவர் அங்கே உத்தரவுக்குக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் உங்களைவிடப் பதினைந்து வயது இளையவராக இருப்பார், வகுப்புத் தோழர்கள் உங்கள் மகள் வயதில் இருப்பார்கள். தப்பாகப் போனால் சிரிப்பார்களே என்ற தயக்கம் வரும். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து சாதகம் செய்யும் பழக்கம் இயல்பாகவே வந்துவிட்ட ஒரே மாணவர் நீங்கள்தான் என்பதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கிற பிள்ளைகள் எட்டு மணிக்கு எழுந்து வந்தவர்கள்.

பேண்டில் இல்லாமல், ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பதில் தொடங்குகிறவர்கள் எடுத்தவுடன் பட்டப்படிப்பில் குதிக்காதீர்கள். ஊரில் ஓர் ஆசிரியரிடம், அல்லது மாலை வகுப்பில், ஒரு வருடம் கற்றுப் பாருங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளி இதற்கு ஏற்ற இடமாக இருந்திருக்க வேண்டும். தவிலும் நாதஸ்வரமும் தேவாரமும் கற்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்ற அருமையான ஏற்பாடு அங்கே உண்டு. ஆனால் சேர வயது 12 முதல் 25 வரை என்று கோடு போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போய் முப்பத்தைந்தில் திரும்புகிறவனுக்கு அந்தக் கோட்டுக்குள் ஒரு நாளும் இடமில்லை. அவன் எங்கே இருந்தான் என்று கோடு போட்டவர்கள் யோசிக்கவில்லை.

அரசின் மேல் எனக்குள்ள வருத்தமும் இங்கேதான். பிரதமரின் கல்வி உதவித்தொகை என்று முன்னாள் படைவீரர்களுக்காக ஒரு திட்டம் இருக்கிறது. அது உங்கள் பிள்ளைகளுக்கும், படைவீரர்களின் கைம்பெண்களுக்கும். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. அரசுக் கலைக்கல்லூரிச் சேர்க்கையிலும் சிறப்பு ஒதுக்கீட்டில் முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் என்றுதான் இருக்கும். நீங்களே படிக்க வந்தால்? செக்யூரிட்டி வேலைக்கு உங்களை அனுப்ப ஏற்பாடு இருக்கிறது, கல்லூரிக்கு அனுப்ப இல்லை.

1944இல் அமெரிக்கா போரிலிருந்து திரும்புகிற வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஜி.ஐ. பில் என்று அதைச் சொல்வார்கள். சுமார் 22 லட்சம் பேர் அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். இன்ஜினீயரிங்குக்கு மட்டும்தான் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஐரோப்பியப் போர்முனையில் பேண்டு நடத்திவிட்டு வந்த ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் கலிஃபோர்னியாவில் மில்ஸ் கல்லூரியில் தாரியுஸ் மியோவிடம் இசையமைப்புப் படித்தார். கடற்படையில் இருந்துவிட்டு வந்த ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பிலடெல்பியாவில் கிரனாஃப் ஸ்டூடியோவில் சேர்ந்தார். பாஸ்டனில் 1945இல் சிறியதாகத் தொடங்கி, பிற்பாடு பெர்க்லி என்று உலகம் அறிந்த இசைக்கல்லூரியின் ஆரம்ப மாணவர்களில் பலர் இப்படி வந்த படைவீரர்கள். அங்கேயும் நிறம் பார்த்தார்கள், தெற்கு மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்குப் பல கதவுகள் மூடித்தான் இருந்தன. இருந்தாலும் சட்டம் என்று ஒன்று இருந்ததால் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. இன்றும் வேறு வடிவில் 36 மாதப் படிப்புக்கு அங்கே அரசு பணம் தருகிறது. நம்மிடம் அந்த அளவுக்குப் பணம் இல்லை என்பார்கள். இருக்கட்டும். நான் கேட்கச் சொல்பவற்றில் பாதிக்குப் பணமே தேவையில்லை.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் முன்னிலையில் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே பட்டா, பென்ஷன், துப்பாக்கி உரிமம் என்று மனுக்கள் குவிகின்றன. படிப்பைப் பற்றி ஒரு மனுவும் போவதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மூன்று கோரிக்கைகளை எழுதிக்கொண்டு போங்கள். மாவட்ட இசைப்பள்ளிகளிலும் இசைக்கல்லூரிகளிலும், பட்டாளத்தில் இருந்த வருடங்களை வயதிலிருந்து கழித்துவிட்டு வயது வரம்பைப் பார்க்க வேண்டும். பச்மரி, குஞ்சாலி கோர்ஸ்களை முன்பயிற்சியாக ஏற்று, பட்டப்படிப்பில் மேற்கத்திய இசைக் கோட்பாட்டுத் தாளிலிருந்து விலக்கோ, மதிப்பீட்டுப் புள்ளியோ தர வேண்டும். முன்னாள் படைவீரர் தாமே படித்தால் அவருக்கும் உதவித்தொகை வேண்டும், அக்னிவீரரையும் அதில் சேர்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் ஓர் அரசாணை போதும்.

கல்லூரிக்குப் போகும்போது வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பத்தில் முன்பயிற்சி என்ற கட்டத்தில், எந்த ரெஜிமெண்டின் பேண்டில், என்ன வாத்தியம், எத்தனை வருடம், எந்தக் கோர்ஸ் என்று முழுதாக எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் தனித்தாள் இணையுங்கள். 'இல்லை' என்று எழுதச் சொல்கிற குமாஸ்தாவிடம், வாசித்துக் காட்டட்டுமா என்று கேளுங்கள்.

மனுவைத் தனி ஆளாகக் கொடுக்காதீர்கள், ஊரில் உள்ள பேண்டுக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ந்து கையெழுத்திடுங்கள். இசை ஆசிரியர் ஒருவருடைய கையெழுத்தும் கூட இருந்தால் நல்லது என்றால் நான் போடுகிறேன். எனக்குத் தெரிந்த ஆசிரியர்களிடமும், ஆசிரியர் அறையில் அன்று சிரித்தவர்கள் உட்பட, வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
ஓர் இசை ஆசிரியன்